மெக்சிக்கோவின் கடத்தற் கதைப்பாடல்கள்: பாடுவோனும் பாடுவிப்போனும்

மெக்சிக்கோ நாட்டார் தம் கதைப்பாடலைக் கொரிதோ என வழங்குவர். நிகழ்ச்சி ஒன்றை, அது நிகழ்ந்த ஊரும் நாளும் அதிற் பட்டாரின் பெயரும் முதற்கண் சுட்டித் தொடங்கி, எட்டு ஒலியசை கொண்ட அடிகளால் நடத்தி, இறுதியில் கேட்போரிடம் விடைபெற்று முடிப்பது அதன் பெருவழக்கான அமைப்பு. 1910இல் தொடங்கிய புரட்சியின்போது எழுத்தறியா மக்களிடையே போர்ச்செய்திகளைப் பரப்பியதில் இப்பாடல்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இவ்வினத்தின் கிளை ஒன்று, ஐக்கிய அமெரிக்க எல்லையைக் கடந்து போதைப்பொருள் விற்போரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு வளர்ந்துள்ளது. நார்க்கோ கொரிதோ என்பது அதன் பெயர். ஈண்டு அதனைக் கடத்தற் பாட்டு என்றே குறிப்போம்.

இப்பாட்டைப்பற்றிய வழக்கு இன்றும் ஓயவில்லை. 2025 மார்ச்சுத் திங்களிற் குவாதலகாரா நகர்ப்புறத்து அரங்கொன்றில் இசைக்குழு ஒன்று பாடுகையில், ஹலிஸ்கோக் கடத்தற் கூட்டத்தின் தலைவர் நெமேசியோ ஒசெகேராவின் உருவம் திரையிற் காட்டப்பட்டது. ஐக்கிய அமெரிக்க அரசு அக்குழுவினரின் நுழைவிசைவை நீக்கியது. அடுத்த திங்களில் தெஸ்கோக்கோ ஊர்த் திருவிழாவிற் பாட வந்த பாடகர் ஒருவர் இத்தகைய பாட்டுக்களைப் பாட மறுத்தார். கூட்டத்தினர் சினந்து இசைக்கருவிகளை உடைத்தனர். இப்பாட்டுக்கள் கொலைத்தொழிலைப் புகழ்கின்றன, ஆகலின் தடுத்தற்குரியன என்பர் ஒருசாரார். நாட்டில் நடப்பதை உரைக்கும் மக்கட் செய்தித்தாள் இவை, இவற்றைத் தடுத்தல் கண்ணாடியை உடைத்தலாகும் என்பர் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் பாட்டின் பொருளையே நோக்கி வழக்காடுகின்றனர். பாடுவோனுக்கும் பாடப்படுவோனுக்கும் இடையே உள்ள உறவு யாது, அவ்வுறவு எக்காலத்து எவ்வாறு மாறியது என்பதை நோக்குவார் அரியர். இவ்வினத்தின் ஏற்றமும் வீழ்ச்சியும் அவ்வுறவினாலேயே விளங்கும் என்பது என் கருத்து.

கொரிதோவின் தோற்றம்பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. விசெந்தே மெந்தோசா 1939இல் வெளியிட்ட நூலில் இதனை ஸ்பெயின் நாட்டு ரொமான்சே என்னும் கதைப்பாட்டின் வழித்தோன்றலாக நிறுவினார். அமெரிக்கோ பரேதஸ், யாப்பின் வழிவரவை மறுக்காராயினும், டெக்சாசை ஒட்டிய ரியோ கிராந்தே ஆற்றங்கரையில் இரு மக்களினங்கள் மோதியமையே இப்பாட்டுக்கு வீரத்தலைவனைத் தந்தது என்றார். யாப்பு எங்கிருந்து வந்தது என்னும் ஆராய்ச்சி நமக்கு ஈண்டு இன்றியமையாததன்று. தலைவன் எங்கிருந்து வந்தான் என்பதே வேண்டுவது.

பரேதஸ் 1958இல் எழுதிய ஆராய்ச்சி நூல் கிரெகோரியோ கோர்த்தெஸ் என்பவரின் பாட்டைப்பற்றியது. 1901 சூன் 12ஆம் நாள் டெக்சாசின் கார்ன்ஸ் வட்டத்தில் உழுது வாழ்ந்த கோர்த்தெஸின் இல்லத்திற்கு ஷெரீப் மோரிஸ் குதிரைத் திருட்டு ஒன்றுபற்றி உசாவ வந்தார். உடன் வந்த மொழிபெயர்ப்பாளருக்கு ஸ்பானிய மொழி செவ்வையாகத் தெரியாது. ஆண்குதிரையைக் குறிக்கும் சொல்லால், அதனை மாற்றிக்கொண்டாயா என அவர் வினவினார். கோர்த்தெஸ் மாற்றியது பெண்குதிரை. அதற்கு அம்மொழியில் வேறு சொல் உண்டு. ஆகலின் அவர் இல்லை என்று உண்மையே கூறினார். அது பொய்யெனக் கொள்ளப்பட்டது. உடன்பிறந்தார் சுடப்பட்டார், ஷெரீப்பைக் கோர்த்தெஸ் சுட்டு வீழ்த்தினார். பின்னர்ப் பத்து நாள் நூற்றுக்கணக்கான காவலர்க்குத் தப்பி எல்லையை நோக்கி ஓடி, லாரெடோ நகர்ப்புறத்தே அகப்பட்டார். 1913இல் ஆளுநரின் மன்னிப்புப் பெற்று விடுதலையானார். பெயர்ச்சொல் ஒன்றின் பால்வேறுபாடு அறியாமையால் உயிர்கள் மாய்ந்த இக்கதை மொழி பயில்வார் அனைவரும் அறியத்தக்கது. பாட்டைப் பாடிய மக்களும் கோர்த்தெஸும் ஒரே தீங்கினை நுகர்ந்தவர்கள் என்பதே நாம் கருதற்பாலது. பாடும்படி அவர் எவருக்கும் பொருள் கொடுத்திலர். கொடுக்கும் நிலையிலும் அவர் இல்லை.

கடத்தற் பாட்டைக் கோர்த்தெஸ் பாட்டின் நேர்வழித் தோன்றலாகக் காட்டுவார் பலர். எல்லை ஒன்றே, துப்பாக்கி ஒன்றே, துரத்தும் காவலரும் ஒருவரே எனக் காட்டி, எனவே தலைவனும் ஒருவனே என்பர். நம்மவருள் சிலர் மேலும் ஒருபடி சென்று, எல்லை கடந்து பொருள் கொணரும் இதனை வெட்சியோடு ஒப்பிட விழைதலும் கூடும். புறத்தோற்றம் பற்றி எழும் ஒப்புமை இது. ஆநிரை கவர்ந்தோர் வேந்தன் பொருட்டும் ஊரின் பொருட்டும் சென்றனர்; கவர்ந்தவற்றை ஊரார்க்குப் பகுத்தளித்தனர். கடத்துவோன் கொண்டு செல்வது விலைக்கு விற்கும் சரக்கு.

எனினும் தொடக்ககாலக் கடத்தற் பாட்டு இழிந்ததன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அக்காலத்து எழுந்த தெகிலா கடத்துவோர் பாட்டில் மூவர் குவெர்ரேரோ என்னும் ஊரிலிருந்து ஆற்றைக் கடக்கின்றனர். ஒருவன் தனக்கு உடல்நலம் இல்லை, வரவியலாது என்கிறான், ஆயினும் செல்கிறான். டெக்சாசுக் காவலர் மறைந்திருந்து சுடுகின்றனர். பாட்டு அவர்தம் பெயரைச் சொல்லி அவர்தம் சாவினைச் சொல்லி முடிகிறது. நோயுற்றவன் வாய்மொழி ஒன்றைப் பாட்டில் அமைத்த பெயர் தெரியாப் புலவனை நாம் பாராட்டுதல் வேண்டும். வீரம் பேசும் பாட்டில் விருப்பமின்றிச் சென்றவனுக்கும் இடம் தந்திருக்கிறான்.

1934இல் இசைத்தட்டில் வெளிவந்த கடத்துவோன் என்னும் பாட்டு தன்மை இடத்தில் அமைந்தது. மது விற்றுத் தொடங்கி, வண்டியும் வீடும் வாங்கி, பின்னர்க் கொக்கெயினும் மார்பியாவும் கஞ்சாவும் விற்றுச் சிறைப்பட்டவன் தன் கதையைத் தானே கூறுகிறான். மதுவிலக்கு நீங்கிய மறு ஆண்டில் இப்பாட்டு வந்தமை கருதற்பாலது. ஒரு சரக்கின்மீதுள்ள தடை நீங்கின், கடத்தும் வழியும் கடத்தும் ஆளும் அடுத்த சரக்கிற்குப் பயன்படுவர் என்பதைச் சட்டம் இயற்றுவோர்க்கு முன்னே பாடகன் கண்டுகொண்டான் போலும்.

தடைக்கும் பாட்டுக்கும் உள்ள இவ்வுறவு ஆழமானது. 1940இல் மெக்சிக்கோ அரசு, மருத்துவர் லெயோபோல்தோ சலசார் வினியேக்ரா வற்புறுத்திய கொள்கை வழி நின்று, போதைக்கு அடிமைப்பட்டோரைக் குற்றவாளிகளாகக் கருதாது நோயாளிகளாகவே கொண்டு, அரசு மருந்தகங்களில் குறைந்த விலைக்கு மார்பியா வழங்கத் தொடங்கியது. கடத்துவோரின் வாணிகம் இதனால் நலியும் என்பது அவர் கருத்து. ஐக்கிய அமெரிக்கா மருந்து ஏற்றுமதியை நிறுத்தவே, சில திங்களுள் அத்திட்டம் கைவிடப்பட்டது. போதைப்பொருட் கொள்கையின் வரலாற்றில் இது பெரிய நிகழ்ச்சி. கதைப்பாடலுக்கோ இஃது ஏற்ற பொருளன்று. மருத்துவர் சீட்டெழுதிக் கொடுப்பதில் கதை இல்லை. துரத்துவோனும் ஓடுவோனும் இருந்தாலன்றி இவ்வினப் பாட்டுப் பிறவாது. தடைச்சட்டமே இதன் தலைவனைப் படைத்தளிக்கின்றது எனினும் பொருந்தும்.

இவ்வினத்தின் தலைசிறந்த படைப்பு 1970களின் முற்பகுதியில் தோன்றியது. ஆன்ஹெல் கொன்சாலெஸ் இயற்றிய கடத்தலும் வஞ்சமும் என்னும் பாட்டினை லோஸ் திக்ரேஸ் தெல் நோர்த்தே குழுவினர் பாடிப் பரப்பினர். வடபுலத்துப் புலிகள் என்பது அப்பெயரின் பொருள். சினலோவா மாநிலச் சிற்றூரிற் பிறந்து கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரிற் குடியேறியவர்கள் அவர்கள். பாடலின் கதை சிறிது. எமிலியோ வரேலா என்பானும் கமேலியா என்னும் டெக்சாசுப் பெண்ணும் வண்டிச்சக்கரங்களில் கஞ்சாவை நிறைத்துக்கொண்டு திஹுவானாவிலிருந்து எல்லையைக் கடக்கின்றனர். இடைவழியிற் காவலர் நிறுத்தி வினவுகின்றனர், விடுகின்றனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இருண்ட சந்தொன்றிற் சக்கரங்களைக் கழற்றிக் கொடுத்துப் பணம் பெறுகின்றனர். எமிலியோ அவள் பங்கினைக் கொடுத்து, இதனைக்கொண்டு நீ நின் வாழ்வைப் புதிதாகத் தொடங்கலாம், யான் சான் பிரான்சிஸ்கோ சென்று என் உயிர்க்குரியவளைக் காண்பேன் என்கிறான். ஏழு குண்டுகள் வெடிக்கின்றன. காவலர் கண்டெடுத்தது துப்பாக்கியை மட்டுமே. பணமும் கமேலியாவும் எங்குச் சென்றன என்பது எவருக்கும் தெரியவில்லை.

இப்பாட்டிற் கோர்த்தெஸ் பாட்டின் பழைய பகைப்புலன் இல்லை. காவலர் கதையை நடத்துவோர் அல்லர். அவர்கள் ஏமாறுவோர், இறுதியிற் காலந்தாழ்ந்து வருவோர். கடத்தலில் இடர் ஒன்றும் நேரவில்லை. கேடு வண்டிக்குள்ளேயே அமர்ந்து உடன் பயணம் செய்தது. விலை பேசுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவன், காதலையும் பங்கு பிரித்துக் கணக்குத் தீர்த்துவிடலாம் என எண்ணினான். அவ்வெண்ணமே அவனைக் கொன்றது. புலவன் இதனை வாய்விட்டுக் கூறவில்லை. பணத்தை எண்ணிக் கொடுக்கும் காட்சியையும் விடைபெறும் காட்சியையும் ஒன்றாக்கிவிட்டான், அவ்வளவே. கொரிதோவின் மரபான விடைபெறுதல் பாடகனின் வாயினின்று நீங்கி எமிலியோவின் வாய்க்குச் சென்றது. அதுவே அவன் சாவுக்குக் காரணமாயிற்று. மரபினை இவ்வளவு நுட்பமாகக் கையாண்ட பாட்டு இவ்வினத்தில் மற்றொன்று உண்டோ என ஐயுறுகின்றேன். இதற்குப் பின்னர்க் கமேலியாவைத் தொடர்ந்து பாடிய பாட்டுக்கள் பல. அவற்றைப்பற்றி ஈண்டு உரைக்க வேண்டுவதில்லை.

எமிலியோவும் கமேலியாவும் கற்பனை மாந்தர். பாடுவிப்போன் எவனும் அவர்களுக்குப் பின்னால் இல்லை. இதனை அடுத்து வந்த மாற்றத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். 1977இல் மெக்சிக்கோப் படையினர் காண்டோர் நடவடிக்கை என்னும் பெயரால் சினலோவா, துராங்கோ, சிவாவா மலைப்பகுதிகளில் கசகசா, கஞ்சாப் பயிர்களை அழித்தனர். மலைவாழ் உழவர் பலர் ஊரை விட்டு வெளியேறினர். கடத்தற் கூட்டத் தலைவர்கள் குவாதலகாரா முதலிய பெருநகர்களிற் குடியேறிச் செல்வராயினர். வாணிகம் ஒருங்கு திரண்டது. பாட்டை விலைகொடுத்து வாங்கவல்ல தலைவர்கள் அக்காலத்தே தோன்றினர்.

விலைகொடுத்துப் பாடுவித்தலை விளங்கக் காட்டும் பாடகர் சலினோ சான்செஸ். 1960இல் சினலோவாவிற் பிறந்த இவர் முதலிற் பாடிய கொரிதோ, கொலையுண்ட தம் உடன்பிறந்தானைப் பற்றியது. பின்னர்ச் சிறையில் இருந்தபோது உடனிருந்தோர் தம் கதையைக் கூறக் கேட்டுப் பாட்டாக்கிக் கொடுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் வாழ்ந்த காலத்து, செய்தியும் பணமும் கொடுப்பார்க்கெல்லாம் பாடினார். அவர் பாடியவற்றுட் பல இறந்தோரைப்பற்றியன. சுற்றத்தார் தம் இறந்த உறவினர் பெயர் நிலைக்க வேண்டும் என்று கேட்டுப் பாடுவித்தவை நடுகல்லை ஒப்பன. பாடுவித்தல் ஒன்றே பாட்டைக் கெடுத்துவிட்டது என்று கூறிவிடுதல் இயலாமை இதனாற் புலனாம். 1992 மே திங்களிற் குலியாக்கான் நகரிற் பாடி முடித்துச் சென்ற சலினோ கடத்திச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இறந்தோனைப் பாடுதலினின்று இருப்போனைப் பாடுதலுக்கு இவ்வினம் சென்றபோது, அதன் உறுப்பொன்று அறுந்தது. 1997இல் திக்ரேஸ் குழுவினர் வெளியிட்ட தலைவர்க்குத் தலைவன் என்னும் பாட்டில் தன்மை இடம் மீண்டும் வருகிறது. 1934ஆம் ஆண்டுப் பாட்டில் யான் எனப் பேசியவன் சிறையில் இருந்தான். இப்பாட்டில் யான் எனப் பேசுவோன் அனைவர்க்கும் மேலே வீற்றிருக்கிறான். அவனுக்கு ஊர் இல்லை, நாள் இல்லை, நிகழ்ச்சி இல்லை, முடிவும் இல்லை. அது கதைப்பாடலின் யாப்பில் அமைந்த புகழ்ப்பாடல். ஏறத்தாழ அக்காலத்தே லோஸ் துக்கானெஸ் தெ திஹுவானா குழுவினர் பாடிய என் மூன்று விலங்குகள் என்பதும் தன்மை இடத்ததே. கிளி, சேவல், ஆடு என்பன அதில் முறையே கொக்கெயின், கஞ்சா, ஹெராயின் ஆகியவற்றைக் குறிக்கும் குழூஉக்குறிகள். நயமான பாட்டே. ஆயினும் விற்போன் குரலன்றி வேறு குரல் அதிற் கேட்பதில்லை.

புகழ்ப்பாடல் எனின் இழிவு என்பது கருத்தன்று. நம் பாடாண் மரபே பரிசில் வேண்டிப் பாடியதுதான். பகைவர் ஊரை எரித்த வேந்தனையும் நம் புலவர் பாடியிருக்கின்றனர். அதனை மறைத்துப் பிறநாட்டுப் பாட்டை இகழ்தல் நேர்மையாகாது. ஆயின் பாடாணுள் செவியறிவுறூஉ என ஒரு துறை உண்டு. வாயுறை வாழ்த்து என ஒன்று உண்டு. பரிசில் பெறும் புலவனே வேந்தனை இடித்துரைக்கலாம் என்பதற்கு மரபு இடம் வகுத்திருந்தது. விலைகொடுத்துப் பாடுவிக்கப்படும் கடத்தற் பாட்டில் அவ்விடம் இல்லை. பாடுவோன் அஞ்சுகிறான், அஞ்சுதற்குக் காரணமும் உண்டு. சலினோவுக்குப் பின்னர் 2006இல் வலெந்தீன் எலிசால்தே என்னும் பாடகர் ரெய்னோசா நகரிற் பாடி முடித்த சிறிது நேரத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அஞ்சாத பாட்டுக்களும் உண்டு. அவை அரசை நோக்கிப் பாடப்பட்டவை. தலைவர்க்குத் தலைவன் இடம்பெற்ற அதே இசைத்தொகுதியில் தளபதி என்னும் பாட்டும் உள்ளது. மெக்சிக்கோவின் போதைப்பொருள் ஒழிப்புத் துறைத் தலைவராயிருந்த தளபதி குத்தியெர்ரெஸ் ரெபோல்யோ, கடத்துவோர்க்குத் துணைநின்றார் என 1997 பிப்ரவரியிற் சிறைசெய்யப்பட்டதைப் பற்றியது அது. போதைப்பொருள் ஒழிப்பில் ஒத்துழைக்கும் நாடுகள் இவையென ஆண்டுதோறும் சான்று வழங்கும் முறையை ஐக்கிய அமெரிக்கா 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்படுத்திக்கொண்டது. பிற நாடுகளுக்குச் சான்று வழங்கும் நாட்டிற்குச் சான்று வழங்குவோர் யாவர் என அப்பாட்டு வினவுகிறது. வாங்குவோன் இன்றி விற்போன் இல்லை என்னும் கொள்கைவாதம் முழுதும் அவ்வொரு வினாவில் அடங்கிவிட்டது. 2009இல் அக்குழுவினர் வெளியிட்ட பண்ணை என்பது விலங்குக்கதை உருவில் அமைந்த அங்கதம். கட்டியிருந்த நாயின் கயிற்றை நரி கடித்து அவிழ்த்துவிட, நாய் பண்ணையாரை அலைக்கழிக்கிறது. நரி என்னும் சொல் ஆங்கிலத்தில் முன்னாள் குடியரசுத் தலைவர் பாக்ஸ் அவர்களின் பெயராதலின் சிலேடை அங்குள்ளார்க்கு எளிதில் விளங்கிற்று. மெக்சிக்கோ நகரத்து விருது விழா ஒன்றில் அப்பாட்டைப் பாட வேண்டா எனக் கூறப்பட்டமையால் குழுவினர் விழாவிற்கே செல்லவில்லை. கொலைஞரைப் புகழ்ந்த பாட்டுக்கள் ஒலித்துக்கொண்டிருந்த காலத்தே, கொலைஞர் ஒருவர் பெயரும் கூறாத இப்பாட்டுத் தடுக்கப்பட்டது.

குடியரசுத் தலைவர் கால்தெரோன் 2006 திசம்பரிற் படையினரை மிச்சோவகானுக்கு அனுப்பியபின் கொலைகள் பெருகின. 2009ஐ ஒட்டி மொவிமியெந்தோ அல்தெராதோ என்னும் பெயரில் எழுந்த பாட்டுக்கள் கழுத்தறுத்தலையும் வதைத்தலையும் தன்மை இடத்திற் பெருமையோடு கூறுவன. இவை பெரிதும் கலிபோர்னியாவில் ஆக்கப்பட்டன. 2013இல் வெளிவந்த நார்க்கோ குல்துரா என்னும் ஆவணப்படம், லாஸ் ஏஞ்சல்ஸிலே வாழும் பாடகர் ஒருவர் பாடுவிப்போரிடம் செய்தி கேட்டுப் பொருள் பெற்றுப் பாட்டியற்றுவதைக் காட்டுகிறது. அவர் பாடும் ஆட்டுக்கொம்பு, வளைந்த தோட்டாப் பெட்டியுடைய ஏகே 47 துப்பாக்கிக்கு இட்ட பெயர். 2009 முதல் 2014 வரை மெக்சிக்கோவிற் கைப்பற்றி ஐக்கிய அமெரிக்க அரசுத் துறையினர் தோற்றம் ஆராய்ந்த துப்பாக்கிகளில் நூற்றுக்கு எழுபது ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வந்தவை. பாட்டும் துப்பாக்கியும் ஒரே திசையில் எல்லை கடக்கின்றன. சரக்கு எதிர்த்திசையிற் செல்கின்றது. மக்கட் செய்தித்தாள் என்னும் வாதம் இங்கே நிலைகுலைகின்றது. குலியாக்கானில் உண்மையான செய்தித்தாள் நடத்திய ஹாவியெர் வல்தெஸ் 2017 மே 15ஆம் நாள் தம் அலுவலகத்தின் அருகே நடுத்தெருவிற் கொல்லப்பட்டார். அவர் எழுதியது விற்போனைப் பற்றி மட்டுமன்று. அவனால் தந்தையை இழந்தோரையும் மகனை இழந்தோரையும் பற்றி எழுதினார்.

தடைவாதமும் இதனால் வலிமை பெற்றுவிடாது. சினலோவா ஆட்சித்தலைவர் 2011இல் மதுக்கடைகளில் இப்பாட்டுக்களைத் தடுத்து ஆணையிட்டார். உயர்நீதி வழங்கும் நாட்டின் தலைமை மன்றம் 2013இல் அவ்வாணை செல்லாது என்றது. அவ்வாணை நிலைத்திருப்பினும் தெகிலாப் பாட்டும் கமேலியாவின் பாட்டும் அல்லவோ முதலில் அகப்படும்? பொருளைக் கொண்டு தடுப்போர் பெயர்களையும் சரக்குகளையும் தேடுவர். பாடுவித்தவன் கொடுத்த பணத்தை எந்த அடியிலும் காணவியலாது. குடியரசுத் தலைவர் கிளௌதியா செயின்பாம் 2025இல் தடையை விரும்பாது, வன்முறையைப் புகழாத பாட்டுக்களுக்குப் போட்டி ஒன்றை ஏற்படுத்தினார். தடையினும் இது நன்று. ஆயினும் அரசு பரிசளிக்கும் பாட்டிலும் பாடுவிப்போன் ஒருவன் உண்டு என்பதை மறத்தலாகாது.

இவ்வினத்தில் அருகிக் காணப்படுவது கையறுநிலை. காணாமற்போனோர் எண்ணிக்கை மெக்சிக்கோவின் அரசுப் பதிவேட்டின்படியே 2022இல் ஓரிலக்கத்தைக் கடந்தது. அவர்களைப் பாடுவிப்பதற்கு எவரிடமும் பணம் இல்லை. 2011 மார்ச்சில் ஹாவியெர் சிசிலியா என்னும் கவிஞரின் மகன் வேறு அறுவரோடு குவெர்னவாக்கா நகர்ப்புறத்திற் கொல்லப்பட்டான். கவிஞர் மகனுக்காகக் கவிதை ஒன்று படித்து, இனித் தாம் கவிதை எழுதுவதில்லை என்றார். மே திங்களில் அந்நகரினின்று தலைநகர் வரை நடந்தார். மகனையும் மகளையும் இழந்தோர் பலர் அவருடன் நடந்தனர். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அத்தகையோர் சிலரோடு ஐக்கிய அமெரிக்கா சென்று, போதைப்பொருட் சட்டத்தையும் துப்பாக்கி விற்பனையையும் மாற்றுமாறு நகர்தோறும் வேண்டினார். பயணம் திஹுவானாவை அடுத்த எல்லையிலே தொடங்கி லாஸ் ஏஞ்சல்ஸ் வழியாகச் சென்றது. எமிலியோவும் கமேலியாவும் வண்டியோட்டிச் சென்ற வழி அது. தாய்மார் தம் மக்களின் நிழற்படங்களை ஏந்தி, அவர்கள் பெயரையும் ஊரையும் காணாமற்போன நாளையும் கூடியிருந்தோர்க்கு ஒவ்வொன்றாகச் சொல்லிச் சென்றனர்.